ஊதா மூடிக் குழாயும் ஒரு ‘இல்லை’யும்

எனக்கு ஓர் இடத்தில் உட்கார வராது. வேலையில் இருந்தபோதும் வரவில்லை, ரிட்டையர் ஆன பிறகும் வரவில்லை. இதை எழுத ஆரம்பித்ததிலிருந்து மூன்று முறை எழுந்துபோய் அடுப்பை அணைத்தேனா என்று பார்த்துவிட்டு வந்தேன். அடுப்பை நான் பற்றவைக்கவே இல்லை. உங்கள் லேபுக்கு இப்போது பொறுப்பாக இருப்பவர், “மேடம், புதுசா சேர்ந்திருக்கிறவங்களுக்கு உங்க அனுபவம் ஏதாவது எழுதிக் குடுங்களேன்” என்று கேட்டபோது, நல்லதாக நாலு வார்த்தை எழுதுவேன் என்று நினைத்திருப்பார். பாவம். நான் எழுதப்போவது என்னுடைய ஒரு தப்பைப் பற்றி. படித்துவிட்டு என்னைத் திட்டலாம். அதற்கு உங்களுக்கு உரிமை உண்டு.

முப்பத்தோரு வருஷம் தாம்பரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் கிருமி ஆய்வு லேபில் இருந்தேன். கடைசிப் பன்னிரண்டு வருஷம் அதற்கு நான்தான் தலைவி. ரத்தம், சிறுநீர், சளி, சீழ் என்று எது வந்தாலும் அதில் என்ன கிருமி இருக்கிறது, எந்த மருந்துக்கு அது அடங்கும், எதற்கு அடங்காது என்று சொல்வது எங்கள் வேலை. நீங்களும் அதைத்தான் செய்யப்போகிறீர்கள். செய்முறை எல்லாம் கையேட்டில் இருக்கிறது, அதை நான் தொடவில்லை.

நான் சேர்ந்த புதிதில் எனக்கு மேலே ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம், அவருடைய பிள்ளைகள் இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. அவருக்கு ஒரு கொள்கை உண்டு. லேபிலிருந்து ‘தெரியாது’ என்று ஒரு காகிதம் வெளியே போகக் கூடாது. “டாக்டர் நம்மகிட்ட பதில் வாங்க வராரும்மா. நம்ம குழப்பத்த வாங்கிட்டுப் போக வரல” என்பார். வார்டிலிருந்து போன் வந்தால் கடகடவென்று பதில் சொல்லிவிட்டு டக்கென்று வைப்பார். அந்த ‘டக்’ எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நானும் அப்படியே பழகிக்கொண்டேன். முப்பது வருஷத்தில் என் வாயிலிருந்து ‘தெரியாது’ வந்த தடவைகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதை அப்போது பெருமையாக வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருஷம் எங்களிடம் ஒரு புதுச் சோதனை வந்தது. டிஎன்ஏ என்றால் அப்பா அம்மாவின் ஜாடையைப் பிள்ளைக்குக் கொண்டுபோகிற சங்கதி என்றுதான் எல்லோருக்கும் தெரியும். ஆனால் சின்னதாக, ஒற்றை இழையாக, சரியான வரிசையில் செய்த டிஎன்ஏ ஒரு கத்திரிக்கோலாகவும் வேலை செய்யும். மருந்துக்கு அடங்காத முரட்டுக் கிருமி, மருந்தை உடைப்பதற்கென்றே தன்னிடம் ஒரு புரதம் வைத்திருக்கும். அந்தப் புரதம் வந்து தொட்டால் மட்டும் இந்த இழை மடங்கிக் கத்திரியாகும், ஒரு இடத்தில் வெட்டும். வெட்டினால் காகிதப் பட்டையில் நிறம் வரும். வழக்கமான முறையில் ஒன்றரை நாள் காத்திருந்து தெரிந்துகொள்வதை இது ஒன்றரை மணி நேரத்தில் சொல்லிவிடும். நாவலூரில் ஐ.டி. கம்பெனிகளுக்கு நடுவே ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் ஐந்தாறு பேர் சேர்ந்து இதைச் செய்துகொண்டிருந்தார்கள். எங்கள் மருத்துவமனையில் அதைச் சோதித்துப் பார்க்க அனுமதி வாங்கியிருந்தார்கள். நோயாளியின் கையெழுத்து வேண்டும், வழக்கமான சோதனையும் கூடவே நடக்க வேண்டும், பட்டை சொல்வதை டாக்டரிடம் ‘முதல் தகவல்’ என்று மட்டும் சொல்லலாம், முடிவு என்று சொல்லக் கூடாது. இவை நிபந்தனைகள்.

நாவலூர்க் குழுவிலிருந்து எங்களோடு தொடர்பில் இருந்தவள் மெர்லின். முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். டாக்டர் பட்டம் வாங்கியவள். சேலையூரில் அவள் அம்மா அப்பா இருவருமே டீச்சர்கள், அதனால் கேள்வி கேட்பது குடும்ப வியாதி. நான் ஒரு வேலையைப் பத்து முறை சரியாகச் செய்தாலும் பதினோராவது முறையும் “மேடம், எப்படிப் பண்ணீங்க?” என்று கேட்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். “உன் வயசு அளவுக்கு எனக்கு அனுபவம் இருக்கு” என்று ஒருமுறை சொல்லியும் விட்டேன். “ஆமா மேடம். எப்படிப் பண்ணீங்க?” என்றாள்.

அந்த நோயாளியின் பெயர் ஷாஹிதா. நாற்பதைத் தொடவில்லை. குரோம்பேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாலு வருஷம் முன்னால் அண்ணன் ரஹீமுக்குச் சிறுநீரகம் இரண்டும் போனபோது தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தவர். இப்போது அவருக்கு இருப்பது ஒன்று. அதில் கல் வந்து, வேறு எங்கோ போய் எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்த ஒரு வாரத்தில் குளிர் காய்ச்சலோடு எங்களிடம் வந்தார். சோதனைக்குக் கையெழுத்து வாங்க நான்தான் போனேன். நடுங்கிக்கொண்டே நாலு பக்கத்தையும் வரிவிடாமல் படித்தார். “இதுல கையெழுத்துப் போட எடமே விடல மேடம்” என்று சிரித்தார். ஓரத்தில் போட்டார்.

அண்ணன் ரஹீம் பம்மலில் சோபா தைக்கிற பட்டறை வைத்திருப்பவர். மாற்றுச் சிறுநீரகம் என்பதால் அவர் ஐ.சி.யூ.வுக்குள் வரக் கூடாது, அவருக்கு எதுவும் தொற்றிக்கொள்ளலாம். முகமூடி போட்டுக்கொண்டு காரிடாரில் கண்ணாடிக்கு வெளியே நின்றார். உள்ளே தங்கை, வெளியே அண்ணன். அவ்வப்போது இருவரும் கையை ஆட்டிக்கொள்வார்கள்.

மறுநாள் காலை எட்டு மணிவாக்கில் ஷாஹிதாவின் ரத்தம் இருந்த பாட்டிலில் கிருமி வளர்ந்துவிட்டது என்று மெஷின் கூவியது. ஐ.சி.யூ. டாக்டர் காயத்ரி உடனே போன் செய்தார். அவர் அவசரம் நியாயமானது. ஷாஹிதாவுக்குப் போய்க்கொண்டிருந்த மருந்து, சாதாரணக் கிருமியாக இருந்தால் போதும். முரட்டுக் கிருமியாக இருந்தால் அது வெறும் தண்ணீர். அப்போது கோலிஸ்டின் என்ற மருந்து போட வேண்டும், அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கக் கூடியது. சிறுநீரகத்துக்கு இதமான இன்னொரு மருந்து இருந்தது, ஆனால் அன்று எங்கள் மருந்தகத்தில் இல்லை, மறுநாள்தான் வரும். “ரெண்டு கிட்னி இருந்தா நான் யோசிக்கவே மாட்டேன் மேடம், இப்பவே போட்டுடுவேன். ஒண்ணுதான இருக்கு. உங்க ஸ்ட்ரிப் என்ன சொல்லுதுன்னு பாத்துச் சொல்லுங்க” என்றார் காயத்ரி.

எங்கள் லேப் இரண்டாவது மாடியில். பட்டைச் சோதனைக்குத் தனி அறை வேண்டும் என்று தரைத்தளத்தில் பழைய எக்ஸ்ரே பிலிம் வைத்திருந்த அறையைக் கொடுத்திருந்தார்கள். பாட்டிலிலிருந்து கொஞ்சம் திரவத்தை எடுத்துச் சின்னக் குப்பியில் ஊற்றிக் கீழே கொண்டுபோக வேண்டும். நாவலூரிலிருந்து வந்த குப்பிகள் முந்தின நாளே தீர்ந்துவிட்டன. மெர்லின் மதியத்துக்குள் கொண்டுவருவதாகச் சொல்லியிருந்தாள். மதியம் வரை காத்திருக்க என்னால் முடியுமா?

இங்கே உங்களில் சிலர் சிரிப்பீர்கள், ஏனென்றால் நீங்களும் செய்கிறீர்கள். ரத்தம் எடுக்கிற ஊதா மூடிக் குழாய் காலாவதி ஆகிவிட்டால் அதை யாரும் தூக்கி எறிவதில்லை. உள்ளே வெற்றிடம் போய்விட்டதால் ரத்தம் இழுக்காதே தவிர, புதுசு, சுத்தம், மூடி இறுக்கம். எல்லா லேபிலும் ஒரு டிராயர் நிறைய இருக்கும். எங்கள் வீட்டில் ஊசி, பட்டன், ஏலக்காய் எல்லாம் அதில்தான். என் மருமகள் அதில் குங்குமம் வைத்திருக்கிறாள். லேபில் எதை எங்கே கொண்டுபோவதானாலும் கை தானாக அந்த டிராயருக்குப் போகும். என் கையும் போனது. அரை மில்லி திரவத்தை ஊதா மூடிக் குழாயில் ஊற்றிக்கொண்டு, லிப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியில் இறங்கி ஓடினேன்.

பத்தேகால் மணிக்குப் பட்டை பதில் சொன்னது. நிறம் இல்லை. திரவம் கடைசிவரை ஓடியது என்று காட்டுகிற கோடு மட்டும் ஒழுங்காக வந்திருந்தது. முரட்டுக் கிருமி இல்லை என்று அர்த்தம்.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். அதுவரை நாங்கள் பார்த்த ‘இல்லை’ பட்டைகளில், நிறம் வரவேண்டிய இடத்தில் லேசாக ஒரு நிழல் இருக்கும். அந்தக் கத்திரி சும்மா இருந்தாலும் கொஞ்சம் வெட்டும், அதன் சுபாவம் அப்படி. இந்தப் பட்டையில் அந்த நிழல்கூட இல்லை. பளீரென்று வெள்ளை. என் கண் அதில் ஒரு கணம் நின்றது. சரியாக ஒரு கணம். போனை எடுத்துக் காயத்ரியிடம், “ரெசிஸ்டன்ட் இல்ல டாக்டர்” என்று கடகடவென்று சொல்லிவிட்டு டக்கென்று வைத்தேன். ‘முதல் தகவல்’ என்ற வார்த்தையைச் சொல்லவில்லை.

மாடிக்கு ஏறும்போது, முதல் மாடியில் ஐ.சி.யூ. காரிடாரில் ரஹீம் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“மேடம், அந்தப் பேப்பர் இன்னா சொல்லுச்சு?”

“முரட்டுக் கிருமி இல்லன்னு சொல்லுது.”

“அப்போ அந்த ஸ்ட்ராங் மருந்து போட மாட்டாங்கல்ல? கிட்னிக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?”

“ஆகாது.”

“நம்பலாமா மேடம் அத?”

வெள்ளைப் பட்டை கண்ணுக்குள் வந்துபோனது. “நம்பலாம்” என்றேன்.

அவர் முகமூடிக்குள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. “ராத்திரிலேர்ந்து இங்கயே நின்னுகினு இருக்கேன். என் மாத்திரை வேற வூட்லயே கீது, டைமுக்குப் போட்டாகணும். போட்டுட்டு, குளிச்சிட்டு, அம்மாகிட்ட சொல்லிட்டு வந்துர்றேன்” என்றார். கண்ணாடி வழியாகத் தங்கையைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போனார்.

பதினொன்றரைக்குக் காயத்ரி போன் செய்தார். ரத்த அழுத்தம் இறங்குகிறதாம். “மேடம், நிச்சயம்தான?” என்று கேட்டார். நிச்சயம்தானா என்று ஒருவர் கேட்டால் எனக்குக் கோபம் வரும், அன்றும் வந்தது. “வேணும்னா திரும்பவும் போட்டுப் பாக்குறேன்” என்றேன். கீழே போனேன். அதே ஊதா மூடிக் குழாயில் மிச்சம் கொஞ்சம் இருந்தது. மறுபடி மேலே ஏறிப் பாட்டிலிலிருந்து எடுப்பானேன் என்று அதையே எடுத்துப் போட்டேன். அந்த ஒன்றரை மணி நேரமும் அந்த எக்ஸ்ரே அறைக்குள் நடந்துகொண்டே இருந்தேன். ஒன்றேகால் மணிக்கு மறுபடியும் வெள்ளை. “ரெண்டாவது தடவையும் இல்ல” என்று காயத்ரிக்குச் சொன்னேன். ஒரே பொய்யனிடம் இரண்டு முறை விசாரித்துவிட்டு இரண்டு சாட்சி கிடைத்தது என்று சொன்னேன், அவ்வளவுதான்.

ஆனாலும் கை கால் ஓயவில்லை. மேலே வந்தேன், மேஜையில் இருந்த சாப்பாட்டைத் திறந்தேன், மூடினேன். மெர்லினுக்குப் போன் போட்டேன். அவள் குப்பிகளோடு ஸ்கூட்டரில் கிளம்பி, பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய ரோட்டில் டிராபிக்கில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் ஒரே ஹாரன் சத்தம்.

“மெர்லின், இல்லன்னு வந்தா நிழல்கூட இல்லாம வருமா?”

“வராது மேடம். லேசா இருக்கும். ஏன், உங்களுக்கு எப்படி வந்துச்சு?”

“சுத்த வெள்ளையா.”

“எதுல எடுத்துட்டுப் போனீங்க? குப்பிதான் தீந்துடுச்சே.”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதா? நீ முதல்ல உன் ஸ்ட்ரிப்பைச் சரியாச் செய்யக் கத்துக்கோ!” என்று கத்தினேன். என் லேபில் இருந்த நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஹாரனுக்கு நடுவே, “எதுல மேடம்?” என்றாள்.

கீழேயிருந்து கொண்டுவந்திருந்த டிரேயில் அந்தக் குழாய் படுத்திருந்தது. அதன் மூடியைப் பார்த்தேன். ஊதா.

உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். ரத்தம் உறையாமல் இருக்க ஊதா மூடிக் குழாயின் உட்சுவரில் ஈடிடிஏ என்ற உப்பைக் கண்ணுக்குத் தெரியாமல் பூசியிருப்பார்கள். அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் ரத்தம் உறையாது. கால்சியத்தோடு விடாது, மெக்னீசியத்தையும் பிடித்துக்கொள்ளும். டிஎன்ஏ கத்திரி மடங்கி நிற்க வேண்டுமென்றால் மெக்னீசியம் வேண்டும். நாலு மில்லி ரத்தத்துக்குப் போட்ட உப்பில் நான் அரை மில்லி திரவத்தை ஊற்றியிருந்தேன். கத்திரியின் கையைக் கட்டிப்போட்டுவிட்டு, அது வெட்டவில்லை, அப்படியானால் கிருமி நல்ல கிருமிதான் என்று இரண்டு முறை போன் செய்து சொல்லியிருந்தேன். முதல் வருஷப் பரீட்சையில் இந்தக் கேள்வி வந்தால் எந்தப் பிள்ளையும் சரியாக எழுதும்.

“ஊதா மூடி” என்றேன்.

“ஐயோ மேடம்” என்றாள். “ஒரு சாதாரணக் குழாய் எடுங்க, ஒண்ணுமே பூசாதது. பாட்டில்லேர்ந்து திரும்ப எடுத்துப் போடுங்க. நான் வந்துட்டே இருக்கேன்.”

இப்போது நான் சொல்லப்போவதைக் கவனமாகப் படியுங்கள், இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். மணி ஒன்றே முக்கால். எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, உடனே ஐ.சி.யூ.வுக்குப் போய், “நான் சொன்னது செல்லாது, இப்போதைக்கு எனக்கு எதுவும் தெரியாது” என்று சொல்வது. இன்னொன்று, சத்தம் காட்டாமல் திரும்பப் பட்டையைப் போட்டு, மூன்றேகாலுக்கு வருகிற பதிலைத் ‘திருத்திய தகவல்’ என்று கௌரவமாகக் கொண்டுபோய்க் கொடுப்பது. இரண்டாவது வழியில் என் மானம் பிழைக்கும். நான் உத்தமி இல்லை. பட்டையைத்தான் முதலில் போட்டேன். அதற்கு இருபது நிமிஷம் ஆனது. போட்டுவிட்டு அது எப்போது ஓடும் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். காயத்ரி கேட்டால் என்ன சொல்வது என்று மனதுக்குள் வாக்கியம் வாக்கியமாகக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வாக்கியத்திலும் குழாய் தப்பு செய்தது, குப்பி தீர்ந்துபோனது, நாவலூர்க்காரர்கள் தாமதம் செய்தார்கள். எதிலும் நான் இல்லை. அது எனக்கே கேட்டபோது கிளம்பிப் போனேன்.

ஐ.சி.யூ.வில் ஷாஹிதாவுக்கு மூச்சு விட வாய் வழியாகக் குழாய் போட்டுவிட்டார்கள். மயக்கத்தில் இருந்தார். ஜெசிந்தா சிஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். காயத்ரி என்னைப் பார்த்ததும், “சொல்லுங்க மேடம்” என்றார்.

“நான் சொன்ன ரெண்டு ரிசல்ட்டும் செல்லாது டாக்டர். தப்பான குழாய்ல எடுத்துட்டேன். என் தப்பு. திரும்பப் போட்டிருக்கேன், வர இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். இப்போதைக்கு எனக்குத் தெரியாது.”

அந்த வார்த்தை எவ்வளவு சின்னது என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. காயத்ரி என்னைத் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. மானிட்டரைப் பார்த்தார், ஷாஹிதாவைப் பார்த்தார். “தெரியாதுன்னா நான் கெட்டதத்தான் நினைக்கணும்” என்றார். “சிஸ்டர், கோலிஸ்டின் ஆரம்பிங்க.” மணி இரண்டு பத்து.

ரஹீமுக்குப் போன் போயிருந்தது. மாத்திரை போட்டுவிட்டு அசந்து தூங்கி, அப்போதுதான் குளித்துக்கொண்டிருந்தவர், தலைகூடத் துவட்டாமல் பம்மலிலிருந்து ஓடிவந்திருந்தார். ஸ்ட்ராங் மருந்து போகிறது என்று தெரிந்ததும் காரிடாரில் மெர்லினைப் பிடித்துக்கொண்டார். அவள் அப்போதுதான் குப்பிப் பெட்டியோடு வந்து சேர்ந்திருந்தாள்.

“நீங்கதான அந்த நாவலூர் மேடம்? தங்கச்சி கையெழுத்துப் போட்ட பேப்பர்ல போட்டிருந்துச்சு. இந்தக் கத்திரியையே மருந்தா ஆக்கப் பாக்குறோம், கிருமிக்குள்ள போயி அது மருந்த ஒடைக்கிற வித்தைய வெட்டிட்டா பழைய மருந்தே வேலை செய்யும்னு. அது கிட்னிய ஒண்ணும் பண்ணாதுல்ல? அத குடுங்க. எங்க வேணா கையெழுத்துப் போடுறேன்.”

மெர்லின் பெட்டியைக் கீழே வைத்தாள். “அண்ணா, அது கண்ணாடித் தட்டுல இருக்கிற கிருமிகிட்டதான் வேலை செய்யுது. மனுஷங்க ரத்தத்துல போட்டா, கிருமிகிட்ட போய்ச் சேர்றதுக்குள்ள ரத்தமே அத தின்னுடும். அப்படியே போய்ச் சேர்ந்தாலும் கிருமியோட தோல தாண்டி உள்ள போக இன்னும் வழி தெரியல. குடுக்கிற மாதிரி இருந்தா நானே ஓடிப்போய் எடுத்துட்டு வருவேண்ணா.”

“எப்ப வரும்?”

“தெரியலண்ணா.”

அவள் எவ்வளவு சாதாரணமாக அதைச் சொன்னாள். முப்பத்திரண்டு வயதில் அவளுக்கு வந்த வார்த்தை. எனக்கு வெட்கமாக இருந்தது.

மூன்றேகாலுக்குப் பட்டை சிவந்தது. சந்தேகத்துக்கு இடமில்லாத சிவப்பு. முரட்டுக் கிருமிதான். மறுநாள் வழக்கமான சோதனையும் அதையே சொன்னது, இன்னொரு மருந்தும் வந்து சேர்ந்தது, கோலிஸ்டினை நிறுத்தினார்கள்.

ஷாஹிதா பிழைத்தார். ஆனால் சிறுநீர் நின்றுபோய் மூன்று வாரம் டயாலிசிஸ் நடந்தது. பிறகு அந்த ஒற்றைச் சிறுநீரகம் மெல்ல வேலை செய்ய ஆரம்பித்தது, பழைய அளவுக்கு வரவில்லை. அது மருந்தால் கெட்டதா, கிருமியால் கெட்டதா, நான் வீணாக்கிய நாலு மணி நேரத்தால் கெட்டதா என்று காயத்ரியிடம் கேட்டேன். பிரித்துச் சொல்ல முடியாது என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை, இன்றுவரை.

விசாரணைக் கூட்டம் போட்டார்கள். நான் எதையும் மறைக்கவில்லை, எழுதியும் கொடுத்தேன். காலாவதியான குழாய்கள் எல்லாம் அன்றே குப்பைக்குப் போயின. திரவம் ஓடியதா என்று மட்டும் காட்டுகிற கோடு போதாது, கத்திரி உயிரோடு இருக்கிறதா என்று காட்ட இன்னொரு கோடு வேண்டும் என்று மெர்லின் கூட்டத்தில் சொன்னாள். இப்போது உங்களிடம் வருகிற பட்டையில் அந்த இரண்டாவது கோடு இருக்கிறது. அது வராவிட்டால் ரிசல்ட் செல்லாது என்று பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்திருப்பார்கள். கூட்டத்தில் எல்லோரும் குழாயைப் பற்றியே பேசினார்கள். குழாய் மாட்டிக்கொண்டதில் எனக்கு உள்ளூர ஒரு நிம்மதி இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அதற்கப்புறம் மாதம் ஒருமுறை அண்ணனும் தங்கையும் சேர்ந்தே ரத்தம் கொடுக்க வருவார்கள். ஒரே உடம்பில் இருந்த இரண்டு சிறுநீரகங்களும் எப்படி இருக்கின்றன என்று ஒரே நாளில் பார்த்துவிடுவார்கள். நான் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வேறு பக்கம் போய்விடுவேன். மூன்றாவது மாதம் என்னால் முடியவில்லை. ஷாஹிதா தன் முறைக்கு உள்ளே போயிருந்தார். ரஹீம் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். குழாய், மூடி, உப்பு, இரண்டு தடவை வந்த வெள்ளை, இருபது நிமிஷம், எதையும் விடவில்லை. என் வாழ்நாளில் ஓர் இடத்தில் அசையாமல் உட்கார்ந்திருந்தது அந்தப் பத்து நிமிஷம்தான்.

ரஹீம் கடைசிவரை கேட்டார். பிறகு, “கொழா மாறிப்போறது மன்சாளுக்கு சகஜம்தான் மேடம். நானே அளவு மாத்தி துணி வெட்டிருக்கேன்” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தப்பித்தேன் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது.

“ஒண்ணே ஒண்ணு கேக்குறேன்” என்றார். “அன்னிக்குக் காலைல காரிடார்ல, நம்பலாமான்னு நான் கேட்டேன்ல. அப்போ உங்களுக்கு டவுட்டு எதுனா இருந்துச்சா?”

விசாரணைக் கூட்டத்தில் அத்தனை பேரில் ஒருவரும் கேட்காத கேள்வி.

“இருந்தது” என்றேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமே இல்லை அவர் குரலில்.

“அத மட்டும் சொல்லிருந்தீங்கன்னா நான் வூட்டுக்குப் போயிருக்கவே மாட்டேன் மேடம். மயக்க மருந்து குடுத்து வாய்ல கொழா வெக்கிறவரைக்கும் தங்கச்சி அந்தக் கண்ணாடியையே பாத்துகினு இருந்தாளாம். சிஸ்டர் சொன்னாங்க.”

உள்ளேயிருந்து ஷாஹிதா கையில் பஞ்சை அழுத்தியபடி வந்து, என்னைப் பார்த்ததும் சிரித்து, “நல்லா இருக்கீங்களா மேடம்?” என்று கேட்டார். ரஹீம் எழுந்து தங்கையின் பையை வாங்கிக்கொண்டு தன் முறைக்கு உள்ளே போனார்.